ரெண்டேகால் டன் ஷூ

"பொம்பளப்பிள்ள ரோட்டுல ஓடுறதாவது!" என்று இரண்டு வருஷமாக வீட்டை இரண்டு பண்ணிய அதே சிலுவைமுத்துதான், போன வாரம் சடையாண்டியின் செருப்புக் கடை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மகளுக்கு ஓடுகிற ஷூ தைக்கச் சொன்னார். நம்புங்கள், அவரேதான். மேட்டுப்பட்டியில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

ரயில்வே வேலை ஆசையில் மனுசன் இறங்கி வந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மதுரையில் நடக்கப்போகும் பெண்கள் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர் இறங்கியது அதற்காக இல்லை. ஒரு விடியற்காலை வத்தலக்குண்டு ரோட்டில் சைக்கிளில் போகும்போது, முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். 'யார் பெத்த பிள்ளையோ, தரையில கால் படாம என்னமாப் போகுது' என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டே மிதித்தார். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அது அவர் பெற்ற பிள்ளை சகாயசெல்வி என்று. வெட்கமாகப் போய்விட்டது. சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பி வேறு வழியாகப் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. பிள்ளையின் பழைய கேன்வாஸ் ஷூவில் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நல்லதாக ஒன்று வேண்டும்.

சிலுவைமுத்து இருபத்தாறு வருஷமாகப் பேகம்பூர்த் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோலை விரித்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். மாடு எந்த வேலியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது, எத்தனை வருஷம் வண்டி இழுத்தது என்று அதை வளர்த்தவனைவிட நன்றாகச் சொல்வார். அப்பேர்ப்பட்ட ஆள் சொந்த மகளுக்குத் தோல் எடுத்தால் சும்மா எடுப்பாரா? மூன்று நாள் தேடி, கீறல் ஒன்றுகூட இல்லாததாகப் பார்த்து, அதிலும் முதுகுப் பக்கமாக, கனமோ கனமாக எடுத்தார். கனம் இருந்தால் தரம் இருக்கும் என்பது அவர் கண்ட பாடம்.

அளவெடுப்பதில்தான் சிக்கல். செல்விக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமே! "மூஞ்சி என்னைய உரிச்சு வச்சிருக்கு, காலு மட்டும் அப்பங்காலு" என்று அவர் மனைவி சவரியம்மாள், பிள்ளை பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர் செருப்பைச் செல்வி மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதும் அவள் செருப்பில் இவர் குழாயடிக்குப் போவதும் அந்த வீட்டில் சகஜம். குட்டையான மனுசன், பாதமும் சின்னது. பேசாமல் காகிதத்தில் தன் காலையே வைத்து வரைந்து, சடையாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை ஷூ வந்தது. அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. "நல்லாருக்குப்பா" என்று செல்வி சொன்ன ஒரு சொல்லுக்கு, சிலுவைமுத்து அன்றைக்கு இரண்டு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

இன்று சனிக்கிழமை. ஓட்டம் நாளைக்கு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு.

காலை ஆறு மணிக்கு வத்தலக்குண்டு ரோட்டில், புளியமரத்தடியில் பி.டி. மாஸ்டர் ஞானதாஸ் கையில் வாட்சோடு நின்றார். அவர் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி சிலுவைமுத்து. இன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒளிந்து மறைந்து பார்க்காமல், அப்பன் என்ற உரிமையோடு வந்து நிற்கிறார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

தூரத்தில் செல்வி வருவது தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்தது. டொக், டொக், டொக்.

'முன்னாடி சத்தமே இல்லாமல்ல ஓடுச்சு?' என்று சிலுவைமுத்துவுக்கு மனசில் ஒன்று இடறியது.

அவள் வந்து நின்று, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு நிமிசம் இருபது செகண்டு. போன சனிக்கிழமை நாப்பத்திரெண்டுல வந்த பிள்ளம்மா நீ!"

"வெயிலு சார்" என்றாள் செல்வி.

சூரியன் இன்னும் மலைக்கோட்டையைத் தாண்டி மேலே ஏறவில்லை. வெயிலாம் வெயில்! மாஸ்டர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிலுவைமுத்துவைப் பார்த்தார்.

"ஷூ எப்பிடி மாஸ்டர்? நானே பாத்து எடுத்த தோலு" என்றார் சிலுவைமுத்து.

"அருமையான தோலுண்ணே" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுசர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

சிலுவைமுத்து தோல் ஷாப்புக்குக் கிளம்பிப் பாதி தூரம் போன பிறகு சோற்றுத் தூக்குவாளி ஞாபகம் வந்தது. திரும்பினார். வாசலில் யாருமில்லை. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம்.

செல்வி துவைகல்லில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் நிறைந்த வாளியில் இரண்டு காலையும் விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சவரியம்மாள் நின்று, "சொல்லித் தொலையேன்டி உங்கப்பாகிட்ட!" என்று பல்லுக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தச் சொல்லணும்?"

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். செல்வி காலை வாளிக்குள் இன்னும் ஆழமாக நுழைத்தாள்.

"காலை எடு."

"ஒண்ணுமில்லப்பா."

"எடுங்கிறேன்ல ஆத்தா."

எடுத்தாள். சிலுவைமுத்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. குதிகாலில் தோல் வழன்று ரோஸ் நிறத்தில் பளபளத்தது. விரல் நுனிகளில் வரிசையாகக் கொப்புளம்.

ஊரான் வீட்டு மாட்டுக்கு முள் குத்தின இடமெல்லாம் தடவிப் பார்த்துச் சொல்கிற ஆள். சொந்தப் பிள்ளையின் காலை, அவள் நடக்கப் பழகிய நாளுக்குப் பிறகு, இன்றைக்குத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறார்.

"நகம் முன்னாடி போய் இடிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "குதிகாலு வழுக்கி வழுக்கித் தேஞ்சிருக்கு. மூணு நாளா?"

செல்வி வாளித் தண்ணீரையே பார்த்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? மூணு நாளா இம்புட்டுப் புண்ண வச்சுக்கிட்டு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா?"

"அளவெல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு. ஓடும்போது காலு வீங்குது. அதுக்கு இடமில்ல, அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?"

செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் கனம்" என்றாள் செல்வி.

சிலுவைமுத்து எழுந்து போனார். தான் தைக்கச் சொல்லிக் கொடுத்த ஷூவில் ஒன்றை வலது கையிலும், மூலையில் கிடந்த பழைய கேன்வாஸில் ஒன்றை இடது கையிலும் எடுத்துக்கொண்டார். கையை மேலும் கீழும் ஆட்டினார். தராசே வேண்டாம், அந்தக் கைக்கு நூறு கிராம் வித்தியாசம் தூக்கத்தில்கூடத் தெரியும்.

"இது அரைக்கிலோ. இது கால்கிலோ." அவர் செல்வியைப் பார்த்தார். "ஒரு கிலோமீட்டருக்கு எத்தன எட்டு வைப்ப?"

"எதுக்குப்பா?"

"சொல்லு தாயி. நீதான் எண்ணிக்கிட்டே ஓடுவியே."

"தொள்ளாயிரம் வரும்."

"பத்துக் கிலோமீட்டருக்கு ஒம்பதாயிரம். ஒரு எட்டுக்குக் கால்கிலோ கூடத் தூக்குற..." அவர் உதடு முணுமுணுத்தது. லாரியில் ஏறும் தோல் கட்டுகளை இருபத்தாறு வருஷம் எடை போட்ட உதடு. கணக்கு வந்து நின்றதும் அவர் முகம் வெளுத்தது.

"ரெண்டேகால் டன்னு."

"அய்ய, அப்பிடியெல்லாம் இல்லப்பா..."

"ஒரு லாரித் தோலை உன் கால்ல கட்டிவிட்டு, போயி ஜெயிச்சுட்டு வாடின்னு சொல்லியிருக்கேன். அதை ஏன் ஆத்தா எங்கிட்டச் சொல்லல?"

செல்விக்கு அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "ரெண்டு வருசமா நான் ஓடப் போறப்பெல்லாம் நீங்க மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. முதத் தடவையா எனக்கு ஓடுறதுக்குன்னு ஒண்ணு செஞ்சு கொடுத்தீங்க. அதைப் போயி கனமா இருக்கு, வேணாம்னு எப்பிடிப்பா சொல்றது? தோத்தாலும் பரவாயில்ல, இதையே போட்டு ஓடிருவோம்னு நெனச்சேன்."

சவரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிலுவைமுத்து இரண்டு ஷூவையும் கீழே வைத்தார். அப்புறம், "பஞ்சை வச்சுக் கட்டுப் போடு. என் கூட வா" என்றார்.

"வேலைக்குப் போகலையா?" என்றாள் சவரியம்மாள்.

"இன்னைக்குத் தோலு தன்னால தரம் பிரியட்டும்!"

கிதர் முகம்மதுவின் கடை பேகம்பூரில் பிரசித்தம். ஃபாரின் சாமான் கடை. கோடாலித் தைலம், மடக்குக் குடை, சென்ட் பாட்டில், டேப் ரிக்கார்டர் என்று சிங்கப்பூரிலிருந்து மச்சான்மார் கொண்டுவருவது எல்லாம் அங்கே கிடைக்கும். சிலுவைமுத்து ஷூ கேட்டதும் கிதர் முகம்மது சிரித்துக்கொண்டே, "ஷூவா? வாங்க சிலுவைண்ணே, இருக்கு. மூணு ஜோடி ஆறு மாசமா என் உசிர வாங்குது. ஊர்ல எவனும் கல்யாணத்துக்குப் போடவும் மாட்டேங்கிறான், காட்டுக்குப் போடவும் மாட்டேங்கிறான்" என்றார்.

மூன்று பெட்டிகளையும் திறந்து வைத்தார். வெள்ளை, சிவப்பு, நீலம்.

வெள்ளை பார்க்க லட்சணமாக இருந்தது. சுற்றிலும் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். சிலுவைமுத்து கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட்டார். "இதுவும் கனம்தான். நடக்கிறவங்களுக்கு ஆகும்."

செல்வி சிவப்பை எடுத்தாள். அவள் கண் அகலமாகிவிட்டது. "அப்பா! கையில வச்சதே தெரியல! கேன்வாஸுல பாதிகூட இருக்காது."

மேல்பாகம் முழுக்கச் சல்லடைத் துணி. உள்ளே விட்ட விரல் வெளியே தெரிந்தது. அடிப்பாகம் பிஸ்கட் கனம். செல்வி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். இதைத்தான் எடுக்கப் போகிறோம் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

"கொடு, செத்த நேரம்" என்று சிலுவைமுத்து வாங்கினார். அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். அழுத்தின குழி அப்படியே நின்றது. தோல் ஷாப்பில் இப்படிக் குழி விழுந்து எழாத தோலை அவர் மூன்றாம் தரத்தில் தள்ளிவிடுவார்.

"இது அமுங்குனா எந்திரிக்க மாட்டேங்குது ஆத்தா. எம்புட்டுத் தூரத்துக்குத் தாங்கும்?"

செல்வி தயங்கினாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வந்தது, மனசு வரவில்லை. "ஆயிரத்து ஐநூறு மீட்டரு, மூவாயிரம் மீட்டருன்னா இதுதான்ப்பா ராணி. தூரம் கூடக் கூட அடியில கொஞ்சம் மெத்துன்னு வேணும்னு மாஸ்டர் சொல்லுவாரு. கடேசி ரெண்டு கிலோமீட்டர்ல தார் ரோடு குதிகால்ல வந்து அடிக்கும்."

"ஆக, கனமா இருந்தாலும் கேடு, ரொம்ப லேசா இருந்தாலும் கேடு."

"சமையல்ல உப்பு மாதிரிதான்" என்றார் கிதர் முகம்மது, கேட்காமலே.

நீலத்தை எடுத்தார். கையில் ஆட்டினார். கேன்வாஸைவிட லேசு, சிவப்பைவிட ஒரு வெங்காய எடை கூட. அடியை அழுத்தினார். விரலை எடுத்ததும் குழி பொங்கி மேலே வந்தது. அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்தது.

"எந்திரிக்குது பாரு! நல்ல தோலு இப்பிடித்தான் எந்திரிக்கும். போட்டுப் பாரு."

செல்வி கட்டுப் போட்ட காலை மெதுவாக நுழைத்து எழுந்து நின்றாள். "நுனியில ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருக்கணும்ப்பா. அப்பத்தான் வீங்குனாலும் நகம் இடிக்காது."

சிலுவைமுத்து குனிந்து தன் கட்டைவிரலைக் குறுக்கே வைத்து அழுத்திப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

"நான் தைக்கச் சொன்னதுல எம்புட்டு இடம் இருந்துச்சு?"

செல்வி உதட்டைக் கடித்தாள். "காத்துகூட நுழையாதுப்பா."

அப்பனும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. கிதர் முகம்மதுவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். விலை என்ன என்று கேட்காதீர்கள். சவரியம்மாளுக்கே சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்வேனா?

வீட்டுக்கு வரும் வழியில், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்த செல்வி சொன்னாள்: "அந்தத் தோல் ஷூ பத்திரமா இருக்கட்டும்ப்பா. வேலை கிடைச்சா அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன்."

சிலுவைமுத்து பெல்லை இரண்டு தடவை அடித்தார். ரோட்டில் குறுக்கே யாருமே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும். சாயந்திரம் ஐந்து மணிக்கு ஞானதாஸ் மாஸ்டரின் மொபெட் வாசலில் வந்து நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"செல்வி, ரேஸு நாளைக்கேயாம்மா. அடுத்த ஞாயித்துக்கிழம மதுரையில ஏதோ பெரிய மாநாடாம், ரோடு கிடைக்காதாம். இப்பத்தான் ஸ்கூலுக்குப் போன் வந்துச்சு. விடியக்காலம் மூணரை மணி பஸ்ஸப் புடிக்கணும்."

"மாதாவே!" என்றாள் சவரியம்மாள்.

சிலுவைமுத்து பெட்டியைத் திறந்து நீல ஷூவைக் காட்டினார். மாஸ்டர் வளைத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், பிரமாதம் பிரமாதம் என்றார். உடனே முகம் சுருங்கிவிட்டது.

"ஆனா புத்தம்புது ஷூவோட ரேஸ்ல இறங்கவே கூடாதுண்ணே. உள்ள எந்தத் தையலு எங்க உறுத்தும்னு ஓடிப் பாத்தாத்தான் தெரியும். ஏழெட்டு நாளு இருந்தாப் பழக்கிரலாம்."

"இப்பவே ஒரு மூணு கிலோமீட்டரு ஓடிப் பாத்துர்றேன் சார்" என்று செல்வி எழுந்தாள்.

"உக்காரு! காலைலதான் அந்தப் பாறாங்கல்லக் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், சிலுவைமுத்துவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "பத்து ஓடியிருக்க. நாளைக்குக் காலை வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது."

கேன்வாஸ் வாயைப் பிளந்து கிடக்கிறது. தோல் ஷூ ரெண்டேகால் டன். புதியதோ பழகாதது. செல்வி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலுவைமுத்து அவள் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"மாஸ்டர், இவ ஓடக் கூடாது. நான் ஓடலாம்ல?"

"நீங்களா?"

"அதே காலுதான மாஸ்டர்? எங்க உறுத்தும்னு அதுக்குத் தெரியாதா?"

ஐம்பத்தோரு வயசில், ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதுவும் அறியாத காலை அவர் நீட்டினார். செல்வி கீழே உட்கார்ந்து நீல ஷூவை மாட்டி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். சிலுவைமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். மாதா கோயில் வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று.

முதல் சுற்றில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "சிலுவைண்ணே, போலீசு வெரட்டுதா?" என்று ஒரு குரல். "ரயில்வே வேலை உங்களுக்கா, மகளுக்கா?" என்று இன்னொன்று. அவர் காதில் வாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் மூச்சு இரைத்தது. மூன்றாவது சுற்றில், "போதும்ப்பா, நெஞ்சு கிஞ்சு வலிக்கப் போகுது!" என்று செல்வி வாசலில் நின்று கத்தினாள். "இன்னும் ஒண்ணும் உறுத்தல!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். எட்டாவது சுற்றில் நொண்டினார். பத்தாவதை முடித்துவிட்டுத்தான் வந்து படியில் விழுந்தார்.

சவரியம்மாள் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவர் தண்ணீரைத் தொடவில்லை. இடது ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. மனுசன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கிடைச்சிருச்சு மாஸ்டர்! நாளைக்கு உனக்கு வர வேண்டியது ஆத்தா. எனக்கு வந்துருச்சு."

செல்வி அவர் காலைத் தன் மடிக்கு இழுத்தாள். அந்தச் சிவந்த இடத்தைத் தன் பாவாடை நுனியால் மெதுவாக ஒற்றினாள்.

சிலுவைமுத்து ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவினார். அதே இடத்தில், உள்பக்கத் தையலில், கடுகளவு ஒரு முடிச்சு. சவர பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியை எடுத்துக்கொண்டார்.

"ஐயையோ, தையலு பிரிஞ்சிரும்ங்க!" என்றாள் சவரியம்மாள்.

"புடி" என்று ஷூவைச் செல்வியிடம் கொடுத்தார். அவள் ஷூவின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கி, முடிச்சை மட்டும் சீவினார். கடுகு உதிர்ந்தது. அதோடு நூல் நுனி ஒன்று தளர்ந்து, ஒரு விரற்கடை நீளத்துக்கு வெளியே வந்து தொங்கியது.

நான்கு பேரும் அதையே பார்த்தார்கள். இழுத்தால் வந்துவிடும், விட்டால் நிற்குமோ நிற்காதோ. ஒன்பதாயிரம் எட்டுக்கு அது தாங்குமா என்று கேட்க மாஸ்டருக்கே பயமாக இருந்தது.

"தாங்கும்ப்பா" என்றாள் செல்வி. நூலை உள்ளே மடித்துவிட்டு, ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் தலை குனிந்தபடி, இரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"நாளைக்கு நீங்க வருவீங்களாப்பா?"

சிலுவைமுத்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"வராமப் பின்ன? அங்க ஓடப்போறது என் காலுதான ஆத்தா!"